உப்பில் ஊறிய உறை

எங்கள் வீட்டு வாசற்படியைத் தோல் தாண்டியதில்லை. செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது, தமிழ்ச் சமணர்கள். கறி, மீன் தெரியாது. பொழுது இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது. செருப்பு ரப்பர், பெல்ட் முரட்டுத் துணி, கைக்கடிகாரத்துக்கு இரும்புப் பட்டை. இந்த ஒழுங்கில் வளர்ந்த வர்த்தமானனாகிய நான், ஒரு சனிக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புத் தைக்கும் சவுரிராயன் முன்னால் நின்றுகொண்டு, "நல்ல மாட்டுத்தோலா ஒரு துண்டு வேணும்ங்க" என்று கேட்டேன். கேட்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். ஊர்க்காரர் கண்ணில் பட்டால் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

சவுரிராயன் என் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"செருப்புக்கா, பெல்ட்டுக்காங்க?"

"கத்திக்குங்க."

அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜோல்னாப் பையோடு நிற்கிற ஆளுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பார்.

"எனக்கில்லைங்க. கடலுக்குப் போறவரு ஒருத்தரு, கத்திக்கு உறை தைக்கணும்னு கேட்டாரு."

"அத மொதல்ல சொல்றதுதானே" என்று சுத்தியலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடலுக்குப் போகிறவர் வீரமுத்து. இது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்து ஐப்பசியில் நடந்தது.

அப்போது நான் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க அங்கே, சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு. தங்கியது ஊருக்கு வடக்கே இருக்கிற குப்பத்தின் ஓரத்தில், முதலாளி கட்டி விட்டிருந்த ஒற்றை அறையில். வந்த புதிதில் சாப்பாட்டுக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எந்தக் கடைக்குப் போனாலும் சாம்பாரிலேயே மீன் வாசனை வரும். பன்னும் வாழைப்பழமுமாக ஒரு மாதத்தை ஓட்டினேன். அடுத்த வீட்டுத் தேவயானி இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புது வாணலி எல்லாம் வாங்கி என் கண்ணெதிரே கழுவிப் பரண் மேல் தனியாக வைத்தாள். "இது நயினாரு சட்டி. இதுல மீனு வாசம் கூடப் படாதுண்ணே. நீங்க இங்கயே சாப்புடுங்க" என்றாள். நான் மறுத்துப் பேச அவள் இடம் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து என் பசி அந்த வீட்டின் பொறுப்பாகிவிட்டது. கேப்பைக் களியும் கீரையும், இல்லாவிட்டால் சோறும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும். பொழுது சாய ஆரம்பித்ததும் அவள் புருஷன் வீரமுத்து, எங்கே வலை பிரித்துக்கொண்டிருந்தாலும் தலையைத் தூக்கி மேற்கே பார்ப்பான். "நயினாரே, சூரியன் பனந்தோப்புல மாட்டிக்கினு கீறான், ஜல்தி வாங்க" என்று குரல் கொடுப்பான். கடலையே பார்த்துக்கொண்டு பிழைக்கிற மனிதன் எனக்காகத் தினம் ஒரு தடவை மேற்கே பார்த்தான். என் சாப்பாட்டு நேரத்தை என் சொந்தக்காரர்கள்கூட இப்படிக் காத்ததில்லை.

வீரமுத்துவிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. அவனும் தேவயானியின் தம்பி ராஜசேகரும் சேர்ந்து அதில் போவார்கள். அம்மா செத்த பிறகு தம்பியை வளர்த்தவளே தேவயானிதான். கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். வீரமுத்து அவனைத் தோளில் தூக்கிப்போய்க் கடலைக் காட்டியவன். இப்போது ராஜசேகருக்கும் கல்யாணமாகி, தமிழ்ச்செல்வியோடு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான்.

படகில் ஒரு கத்தி இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. ஒரு சாண் நீளம், புளியமரக் கைப்பிடி. முன்பு ஒரு தடவை வலையை இறக்கும்போது கயிறு வீரமுத்துவின் காலில் சுற்றி அவனைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ராஜசேகர் இந்தக் கத்தியோடு குதித்து, கயிற்றை அறுத்து, மாமனைத் தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் வீரமுத்து கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

அதே கத்திதான் ஆடி மாதக் காற்றில் ராஜசேகரின் கையை அறுத்தது. கத்தியை எப்போதும் வெறுமனே வலைக் குவியலில் செருகி வைப்பது வீரமுத்துவின் பழக்கம். ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டதில் ராஜசேகர் நிலைதவறிக் குவியல் மேல் கையை ஊன்றினான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் வலது கையில் கடைசி இரண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. சாப்பிடும்போதுகூட அவை தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

ராஜசேகர் படகுக்கு வருவதை விட்டுவிட்டான். மாமன் வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டான். தமிழ்ச்செல்வியின் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தார். பொங்கல் கழித்து அங்கே போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. வீரமுத்து வேறு ஆட்களைச் சேர்த்துப் பார்த்தான். யாரும் நிலைக்கவில்லை. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள் தேவயானி. அவளும் சாப்பிடவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் சட்டி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

"கத்தியத் தூக்கிப் போட்டுட்டா இன்னாய்யா?" என்று அவள் ஒரு நாள் புருஷனைக் கேட்டாள்.

"என்னக் காப்பாத்தின கத்திய எப்படிடி போடறது?"

"எந்தம்பி கைய அறுத்த கத்தியும் அதானே."

"கத்தி இன்னா பண்ணும்? மூடி வெக்காதது என் தப்பு. மூடறதுக்கு ஒரு வழி பண்றேன்."

அப்படித்தான் உறை என்ற யோசனை வந்தது. பிளாஸ்டிக் பைப்பை வெட்டிச் செருகினான், கத்தி ஆடியது. கோணிச் சாக்கைத் தைத்தான், முனை கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. போலீஸ்காரர் ஒருவரின் இடுப்பில் தோலுறை இருந்ததை எப்போதோ பார்த்தது ஞாபகம் வந்திருக்கிறது. "நயினாரே, நீங்க திண்டிவனம் வழியாத்தான போறீங்க" என்று ஆரம்பித்தான். மரியாதைக்காகத் தோல் என்ற வார்த்தையை மட்டும் சொல்லாமல் விரலால் செருப்பைக் காட்டினான். என்னால் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பரண் மேல் இருந்த சட்டி கண்ணில் பட்டது. சரி என்றேன்.

தோல் துண்டை இரண்டு பாலித்தீன் கவரில் சுற்றி, பையில் வைக்காமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். வாசல் முருங்கை மரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். என் மனைவி ஜெயமதி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மரத்துல இன்னாங்க தொங்குது?"

"தோலு."

அவள் கை நின்றது. நான் ஒன்று விடாமல் சொன்னேன். படகு, கத்தி, மடங்காத விரல், பொங்கல் கழித்துப் போகப்போகிற தம்பி, சாப்பிடாத அக்கா. கேட்டுக்கொண்டே திரும்பவும் உரிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப அது யாரையும் அறுக்கக் கூடாதுன்னு மூடறதுக்குத்தான?"

"ஆமா."

"அப்படின்னா நம்ம வழிக்கு ஒண்ணும் தூரமில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மரத்துலயே இருக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை தோல் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது. மழைக்கு முந்தைய நாட்கள், கடல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, வீரமுத்து கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து எங்கள் ஆபீஸ் காலண்டர் தாளில் கத்தியை வைத்து வரைந்தான். தாளை மடித்து, வெட்டி, கத்தியை நுழைத்து, திரும்ப வெட்டி, பழைய மாதங்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் தோலில் கை வைத்தான். அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. முதலில் கடனே என்று உட்கார்ந்தவன், பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. தோலின் வாசனை ஆகாமல் நான் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

தோலை மடித்து ஓரத்தைத் தைத்ததும் கத்தியைச் செருகி உருவினான். தையல் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. கத்தியின் கூர் நேராக நூலின் மேல் போய் உட்காருகிறது. அன்று முழுக்க அதையே கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். மறுநாள் தோலில் மெல்லிய பட்டை ஒன்று நறுக்கி, ஓரத்தில் இரண்டு மடிப்புக்கும் நடுவில் வைத்துத் தைத்தான். இப்போது கூர் அந்தப் பட்டையில் இடித்தது, நூல் தப்பித்தது. வலைக்குப் போடுகிற நைலான் நூல், இரண்டு ஊசி, ஒரே துளையில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. வலை முடிந்து பழகிய கைக்குத் தையல் வரிசை கோணாமல் வந்தது.

"இன்னா வீரமுத்து, செருப்பா தெக்கிற? எனக்கும் ஒரு ஜோடி போடேன்" என்றார் அந்தப் பக்கமாகப் போன ஒருவர்.

"உன் காலு அளவுக்குத் தோலு வாங்கினா மாட்டுக்கு மிச்சம் இருக்காதுய்யா" என்றான் வீரமுத்து. ஆடிக்குப் பிறகு அவன் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மனசுக்கு நிறைவாக இருந்தது.

தைத்து முடித்த பிறகு உறையை ஊறவைத்து, கத்திக்குப் பாலித்தீன் கவர் சுற்றி உள்ளே செருகி, அழுத்திப் பிடித்து நிழலில் காயவைத்தால் கத்தியின் வடிவம் தோலில் ஏறிவிடும் என்று சவுரிராயன் சொல்லி அனுப்பியிருந்தார். வீரமுத்து குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடலுக்கு நடந்தான்.

"கைப்பம்பு இங்க இருக்குதே" என்றேன்.

"இன்னா நயினாரே, உப்புல பொழைக்கிற நீங்களே இப்படிக் கேக்கறீங்க? புதுக் கயிறு வாங்கினா மொதல்ல கடல்தண்ணிலதான ஊறப்போடறோம்? மீனு கெடாம இருக்க இன்னா போடறோம்? உப்பு ஏறின சாமான் எதுனா அழுவிப் பாத்துகிறீங்களா?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உப்பைப் பற்றி ஒருவர் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு என் பெண்ணைப் புகழ்ந்த மாதிரி இருக்கும். தலையை ஆட்டினேன். உறை இரண்டு நாள் கடல்நீரில் ஊறியது.

காய்ந்ததும் அழகாக இருந்தது. கல் மாதிரி இறுகி, கத்தியின் முதுகும் வயிறும் அப்படியே மேலே தெரிந்தன. வீரமுத்து கத்தியைச் செருகினான். தேவயானி மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கெங்கையம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள்.

"மொதல்ல மச்சான் கையாலதான் உருவணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றான் வீரமுத்து.

யாரும் தொடவில்லை. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் ஏரியாக நின்றது. நான் கணக்கு எழுத ஒன்றுமில்லாமல் ஊருக்குப் போய்விட்டேன். பஸ் பெருமுக்கல் மலையைத் தாண்டும்போது, மழைக்குள் மலையே தெரியவில்லை.

மார்கழியில் திரும்பி வந்தபோது தேவயானி தம்பியின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தமிழ்ச்செல்வி துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ராஜசேகர் கட்டிலில் முகம் கொடுக்காமல் படுத்திருந்தான்.

"ஒரே ஒரு தபா போய்ட்டு வரட்டும்மா. உறை போட்டுக்கீது. இனிமே அது வெளியவே இருக்காது" என்றாள் தேவயானி.

"அண்ணி, ஆஸ்பத்திரில நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். அவரு சோத்தப் பெசைய முடியாம குந்திக்கினு இருப்பாரு, நான் பாத்துக்கினு இருப்பேன்."

"நான் மட்டும் பாக்கலியாம்மா?"

தமிழ்ச்செல்வி மடிப்பதை நிறுத்தினாள். "ஒரு தபா. ஒரே ஒரு தபாதான். சரிப்படலன்னா எங்கள வுட்டுடணும். அப்பறம் வந்து அழுவக் கூடாது."

கட்டிலிலிருந்து ராஜசேகர், "காலைல அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொல்லு" என்றான். யாரிடம் சொல்லச் சொன்னான் என்று சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை. வழக்கமாகப் பத்து மணிக்குக் கரை சேர்கிற படகு உச்சிப்பொழுது தாண்டியும் வரவில்லை. மீன் எடுக்க வந்த பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். தேவயானியும் தமிழ்ச்செல்வியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் படகு வந்தது. ராஜசேகரின் உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. படகு மணலில் இடிக்கும் முன்னாலேயே குதித்தான். துண்டில் சுற்றிய எதையோ கையில் வைத்துக்கொண்டு, அக்காவைக்கூடப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான். தமிழ்ச்செல்வி பின்னாலேயே ஓடினாள்.

வீரமுத்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"வலை இஞ்சின் ஃபேன்ல சுத்திக்கிச்சு. இஞ்சின் நின்னுபோச்சு. அலை பக்கவாட்டுல தூக்குது. கத்திய எடுடா மச்சான்னேன். அவன் ஆசையாத்தான் கைய வெச்சான். வரல."

"வரலன்னா?"

"உறையவுட்டு வரலடி. உள்ள புடிச்சுக்கிச்சு. அவன் அந்தப் பக்கம் இழுக்கறான், நான் இந்தப் பக்கம் இழுக்கறேன், படகு கவுந்துடும் போலக் கீது. அவன் உறையோட கீழ போட்டுட்டு, பின்னால கவுந்து படுத்துக்கினு, எடது கையாலயும் பல்லாலயும் வலையப் பிச்சான். எவ்வளவு நேரம்ன்னு எனக்குத் தெரியல. நான் அவன் காலப் புடிச்சிக்கினு இருந்தேன். இஞ்சின் எடுத்ததுக்கு அப்பறம் உறையக் கால்ல மிதிச்சுக்கினு ஒரே இழுப்பு இழுத்தான், வந்துச்சு. முழுக்கத் துரு. என்னப் பாத்தான். ஒண்ணும் சொல்லல. அதுலேந்து கரைக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல நயினாரே."

தேவயானி படகுக்குள் எட்டி உறையை எடுத்தாள். மஞ்சளும் குங்குமமும் கரைந்து செந்நிறமாகக் கசிந்திருந்தது. அழுத்திப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"இத எதுல ஊறப்போட்ட?"

வீரமுத்து கடலைக் காட்டினான்.

அவள் கொஞ்ச நேரம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "மழைநாள்ல கருவாட்டு மூட்டை வேர்த்து ஊத்துதில்ல? வருசா வருசம் நான் அதத் தூக்கித் தூக்கிக் காய வெக்கறத நீ பாக்கலியா? உப்பு காத்துல கீற ஈரத்தயெல்லாம் குடிக்கும்யா. அதுக்குள்ள இரும்பச் சொருவி மாசக் கணக்குல மாட்டி வெச்சிருக்கோம். நானும் மேல மஞ்சத் தண்ணியத் தடவி வெச்சிருக்கேன்."

எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. மழை பிடித்தால் எங்கள் குடோனில் உப்பு மூட்டைகள் கசிந்து தரையெல்லாம் ஈரமாக நிற்கும். அதற்காகவே அடியில் பலகை போட்டு அடுக்குகிறோம். ஒரு கருவாட்டுக்காரி, ஒரு மீன்காரன், ஒரு உப்புக் கணக்கன், மூன்று பேரும் சேர்ந்து ஒரு கத்தியைப் பூஜை போட்டுத் துருப்பிடிக்க வைத்திருக்கிறோம். உப்புக்கு இன்னொரு குணம் இருக்கிறது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். நல்லதை மட்டுமே நினைத்துக்கொண்டோம்.

"கத்தி எங்க?" என்றாள் தேவயானி திடீரென்று.

வீரமுத்து படகைத் துழாவினான். இல்லை. ராஜசேகர் துண்டில் சுற்றிக்கொண்டு போனது அதுதான்.

"வீசிட்டிருப்பான்" என்றான் வீரமுத்து. "வீசட்டும். அவனே வீசினா சரிதான்."

அன்றைக்கும் பொழுது சாயும் முன் என் இலை போடப்பட்டது. தேவயானி பரிமாறினாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே துவையல் வைத்தாள். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். வேறு எந்த விதத்திலும் அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் ராஜசேகர் வந்தான். ஆடிக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவன் மிதித்தது அன்றுதான். கையில் துண்டு. பிரித்தான். கத்தி பளபளவென்று இருந்தது. செங்கல் தூள் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவியிருந்தான். அதைத் தரையில் வைத்தான். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பது வழக்கமில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீரமுத்து எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

"கத்தி மேல எனக்கு இன்னாக்கா கோவம்?" என்றான் ராஜசேகர். மாமனிடம் பேசாமல் அக்காவிடம் பேசினான். "அது இரும்பு. இவுரு மேலதான் கோவம். ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வார்டு வாசல்ல நின்னாரு. உள்ள வந்து, வலிக்குதாடான்னு ஒரு வார்த்த கேட்டாரா? திரும்பிப் போய்ட்டாரு. அப்பறம் பாத்தா தோலு தெச்சிக்கினு கீறாருன்னு ஊரே சொல்லுது. எனக்கு எதுக்கு உறை?"

"அவுருக்குப் பேச வராதுன்னு ஒனக்குத் தெரியாதாடா" என்றாள் தேவயானி.

"நீ சும்மா இருக்கா. அவுரு சொல்லட்டும்."

வீரமுத்து கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்ல வந்து வந்து நின்றுவிட்டான்.

"என்னத் தூக்கின கைடா அது" என்றான் கடைசியில். "அந்தக் கைய நானே அறுத்துட்டேன். உள்ள வந்து இன்னான்னு கேப்பேன்? வாய் வரல மச்சான். எனக்கு ஊசிதான் வந்துது."

ராஜசேகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழைய உறையைக் கையில் எடுத்தான். பிரித்துப் பார்த்தான். நடுவில் வைத்திருந்த பட்டையைத் தடவினான்.

"தையல் நல்லாத்தான் கீது" என்றான். "ஆனா இது உன் இடுப்புக்குத் தெச்சது. வலப்பக்கம் மாட்டி வலக் கையால உருவறதுக்கு. எனக்கு வலக் கை ஆவுமா? இடுப்புல இடப்பக்கம் தொங்கணும், கத்தியப் புடிக்க மேல ஒரு பட்டி வெச்சு, அத இடக் கை கட்டை விரல்லயே தொறக்கணும். அடியில ஒரு ஓட்டை போடு, தண்ணி வடியும். நல்ல தண்ணில ஊற வெய்யி."

"தெச்சா வருவியாடா?" என்றாள் தேவயானி.

"மொதல்ல தெக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இந்தத் தடவை சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். சவுரிராயனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் டீக்கடையிலிருந்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். கவர் வேண்டாம் என்று சொல்லித் தோலை வெறுங்கையிலேயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அது என்னவென்று கேட்டார். தோல் என்று சொன்னேன்.

தைக்கும்போது ராஜசேகர் தினமும் வந்து எதிரே உட்கார்ந்தான். அப்படி வெட்டு, இப்படி மடி என்று அதிகாரம் பண்ணினான். மடிப்பை அழுத்திப் பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது அந்த இரண்டு நீட்டு விரலாலும் மேலே ஊன்றிப் பிடித்துக்கொண்டான். வீரமுத்து அந்த விரல்களின் ஓரமாக, ஊசி பட்டுவிடாமல், மெதுவாகத் தைத்துக்கொண்டு போனான். தேவயானி கைப்பம்பிலிருந்து தானே தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து வைத்தாள். ஊறவைப்பதற்கு முன் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிமே ஒங்க ரெண்டு பேரயும் நம்ப மாட்டேன்" என்றாள் என்னையும் சேர்த்து.

பொங்கல் வந்து போனது. காணும் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம், படகடியில் எல்லோரும் இருந்தோம். விடியற்காலையில் முதல் கடல். ராஜசேகர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீரமுத்து புது உறையை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

தமிழ்ச்செல்வியும் ராஜசேகரும் மணலில் நடந்து வந்தார்கள். தேவயானி எழுந்து நின்றாள்.

"பொட்டியில இருந்த துணியெல்லாம் எடுத்துக் கொடில போட்டுட்டேன் அண்ணி. ஒரே பூச்சி வாசம் அடிச்சிது" என்றாள் தமிழ்ச்செல்வி.

தேவயானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

வீரமுத்து உறையோடு கத்தியைக் கொண்டுவந்து, ராஜசேகருக்கு முன்னால் குனிந்து மணலில் வைத்தான். இரண்டடி பின்னால் போய் நின்றான். ராஜசேகர் அதை எடுக்கவில்லை.

"கையில குடு மாமா."

"கத்திய எப்படிடா கையில குடுக்கறது? ஆவாது. சண்ட வரும்."

"இத்தினி வருசமா கீழ வெச்சு கீழ வெச்சு எடுத்தோமே, வராமயா இருந்துது? அதான் உறை போட்டுட்ட இல்ல. குடு."

வீரமுத்து குனிந்து எடுத்தான். மணலைத் தட்டினான். ராஜசேகர் இடக் கையை நீட்டுவான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவன் வலக் கையை நீட்டினான். மூன்று விரல் குவிந்து, இரண்டு விரல் நீண்டு நின்றன. வீரமுத்து கத்தியை அந்தக் கையில் வைத்தான். வைத்த கையை எடுக்காமல், அந்தக் கையையும் கத்தியையும் சேர்த்துத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

பிறகு ராஜசேகர், மாமனின் தோளுக்கு மேலாக மேற்கே பார்த்தான்.

"அக்கா, பனந்தோப்புக்குள்ள பொழுது எறங்கிக்கினு கீது. நயினாருக்குச் சோறு போடு, ஜல்தி."